614-க்கும் 615-க்கும் நடுவில்

போன மாதம் மணவாள நகர் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் சொத்தைக் கத்தரிக்காய். சொத்தையைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

“சார், நான் திவ்யா. பிரஸ்லேர்ந்து பேசறேன். டி.டி.பி. செக்‌ஷன்.”

பிரஸ் என்றால் எனக்கு ஒன்றுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள், இரும்பு ஆலைகளுக்கு நடுவே, தானும் ஓர் இரும்புக் கொட்டகை மாதிரியே நிற்கும் அச்சகம். சென்னைப் பதிப்பாளர்களின் புத்தகங்கள் அங்கே அச்சாகும். அங்கே முப்பத்தோரு வருடம் பிழை திருத்தினேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் பிரஸ்ஸிலிருந்து எனக்கு வந்த போன்கள் இரண்டு. ஒன்று ஆயுத பூஜைக்கு. இது இரண்டாவது.

“அந்தப் போலந்து நாவல் இருக்குல்ல சார், மூணு பாகம். அது மறுபடியும் வருது. பழைய ஃபைல் ஓபனே ஆவல. லைப்ரரி புக்க ஸ்கேன் பண்ணி திரும்ப எடுத்துக்கினு இருக்கோம். மூணாவது பாகத்துல அறுநூத்திப் பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஓரமா கோந்துக் கறை இருக்குது. ஏதாவது ஒட்டியிருந்து பிஞ்சி வந்துடுச்சா?”

காய்கறிக்காரம்மா பையை வாங்கி எடை போட ஆரம்பித்துவிட்டாள்.

“கதையில ஒண்ணும் வுட்டுப்போன மாதிரி தெரியல சார். சரியாத்தான் போவுது. ஸ்டெல்லா அக்காவுக்கு போன் பண்ணேன். ‘தனசேகர் சாரக் கேளு’ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க. ஒண்ணும் இல்லன்னா அப்படியே விட்டுறலாமான்னு கேக்கத்தான்...”

“விடாதே” என்றேன். “நாலு பக்கம் இருக்கு. என்கிட்ட இருக்கு.”

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். ரேஷன் கார்டு, பி.எஃப். தாள்கள், மூத்தவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு காகித உறை. உள்ளே நீல மசியில் கையால் எழுதிய நாலு தாள்கள், மேல் மூலையில் துருப்பிடித்த குண்டூசி. படம் எடுத்து திவ்யாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “சார் இது எப்படி விட்டுப்போச்சு?”

அந்தக் கேள்விக்குப் போனில் தட்டச்சு செய்து பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிழை திருத்தும் வேலையை இப்போது ஒருவர் திரையைப் பார்த்து முடித்துவிடுகிறார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருடத்தில் என் கண்ணாடி ஏழு முறை மாறியது. அந்தப் பிள்ளைகளுக்காவது கண் பிழைக்கட்டும். ஆனால் நாங்கள் செய்த முறை தெரிந்தால்தான் நடந்தது புரியும். எங்கள் காலத்தில் ஒரு புரூஃபுக்கு இரண்டு பேர். ஒருவர் கையில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த மூலப்படி. அதை நாங்கள் காப்பி என்போம். அவர் அதை வாய்விட்டுப் படிப்பார். அவருக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சிட்ட புரூஃபில் கண்ணை ஓட்டி, வித்தியாசம் இருந்தால் திருத்துவார். சும்மா படிப்பதில்லை. “அவன் வந்தான், கமா, ஆனால் பேசவில்லை, முற்றுப்புள்ளி, பாரா” என்று எல்லாவற்றையும் சொல்லிப் படிக்க வேண்டும். பதினாறு பக்கம் கொண்டது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்தின் கடைசியிலும் ‘படித்தவர்’, ‘பார்த்தவர்’ என்று இரண்டு கட்டம். இரண்டிலும் கையெழுத்து விழுந்தால்தான் அது அச்சுக்கு நகரும்.

நானும் காப்பி ஹோல்டராகத்தான் சேர்ந்தேன். இருபத்தேழு வயதில் சேர்ந்து, நாலு வருடம் தொண்டை வறளப் படித்து, அப்புறம் எதிர் நாற்காலிக்கு மாறினேன். அந்த நாலு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. நிறைய வெந்நீர் குடித்தேன், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தலைமை நமச்சிவாயம் சார். அவர் புரூஃபைத் தொடுவதற்கு முன் கைகழுவுவார். கழுவி, துடைத்து, விரல்களை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வார். மேஜையில் ஒரு பழைய தபால் கார்டு இருக்கும். அதில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் மாதிரி வெட்டியிருப்பார். அதைத் தாளின்மேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவார். மேலே என்ன இருந்தது, கீழே என்ன வரப்போகிறது, எதுவும் தெரியாது. அதோடு, புத்தகத்தைக் கடைசி ஃபாரத்திலிருந்து முதல் ஃபாரத்துக்குப் படிப்பார். அவர் கை வழியாக ஆயிரக்கணக்கான கதைகள் போயிருக்கின்றன. ஒன்றாவது அவருக்குத் தெரியுமா என்றால் தெரியாது.

பிழையைக் கண்டுபிடித்தால் திட்ட மாட்டார். அதுதான் கஷ்டம். தாளை நம் முன்னால் வைத்து, அந்த இடத்தில் விரலை வைத்து, ஒரே கேள்விதான் கேட்பார்.

“இன்னாப்பா, கதை படிச்சியா?”

கதை படிப்பது எங்கள் தொழிலில் குற்றம். எழுத்தைப் படிக்க வேண்டும், கதையைப் படிக்கக் கூடாது. கதைக்குள் போய்விட்டால் கண் தானாகவே விட்டதை நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் “இல்ல சார்” என்று சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு ஃபாரம் தேறும்.

போலந்து நாவல் எங்களிடம் வந்தது இருபத்திரண்டு வருடங்களுக்கு முன். மொழிபெயர்த்தவர் திருவள்ளூரில் இருந்த ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர். பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத்தில் கிடைத்த மூன்று தடித்த பாகங்களை ஒன்பது வருடம் உட்கார்ந்து தமிழில் எழுதியிருந்தார். பெட்டி பெட்டியாகக் காப்பி. அவரே ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். பார்சல் சர்வீஸை நம்பவில்லை.

முதல் பெட்டி வந்த அன்று, கேட்காமலே எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். “இத எழுதின காலத்துல போலந்துன்னு ஒரு நாடே வரைபடத்துல கிடையாது, தெரியுமா? பக்கத்து ராஜ்ஜியங்க மூணும் பங்கு போட்டு முழுங்கிடுச்சுங்க. இந்த மனுஷன் இன்னா பண்ணார்? அதுக்கு எரநூறு வருஷம் முன்னாடி, நாடு இருந்த காலத்துக் கதையை எழுதினார். பத்திரிகைல வாராவாரம் வந்துது. நாடு இல்லாதவங்க எல்லாம் அத வாங்கிப் படிச்சாங்க. கோட்டை, குதிரை, சண்டைன்னு பாத்தா இது ஒரு சரித்திர நாவல். ஆனா அவங்களுக்கு அது ஊடு.”

நமச்சிவாயம் சார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பேருங்களுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துடுங்க சார்” என்றார்.

அந்த லிஸ்ட்டே ஆறு பக்கம் வந்தது. ஒவ்வொரு பெயரும் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அதைத் தடுமாறாமல் படித்தது ஸ்டெல்லா.

ஸ்டெல்லா அப்போது தற்காலிக வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம். அவள் கணவர் அந்தோணி தொழிற்பேட்டையில் ஓர் உருட்டாலையில் வேலை பார்த்து, பழுக்கக் காய்ச்சிய கம்பி தடம் மாறி வந்து அடித்ததில் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து இறந்துபோனார். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிற வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகம் படிப்பவள், குரல் தெளிவாக இருக்கும் என்று பங்குச் சாமியார் சொல்லித்தான் முதலாளி வேலை கொடுத்தார். உண்மையிலேயே அப்படித்தான் படிப்பாள். கமாவைக்கூட மரியாதையாகச் சொல்வாள்.

அந்த நாவலில் ஒரு கிழட்டுக் குதிரைவீரன் வருவான். மூன்று பாகத்திலும் வருவான். ராஜாக்களும் இளவரசிகளும் வந்து வந்து போவார்கள், அவன் மட்டும் எப்போதும் இருப்பான். பெரிய மீசை, கெட்ட வாய், நல்ல மனசு. அவன் பெயர் பன்னிரண்டு எழுத்து. ஸ்டெல்லா அதைப் படிக்கும்போது சரியாகப் படிப்பாள், மற்ற நேரத்தில் ‘பெரிய நைனா’ என்பாள். காலையில் வந்து காப்பியைப் பிரித்ததும், “இன்னிக்கு பெரிய நைனா இன்னா வம்ப இழுக்கப் போறாரோ” என்றுதான் ஆரம்பிப்பாள். எனக்கும் அவன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. வேறு வேலைகளுக்கு நடுவே எட்டு மாதம் அவனோடு இருந்தோம். எங்கள் சொந்தக்காரர்களோடுகூட நாங்கள் அவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

மூன்றாம் பாகத்தின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், பனிக்காலம், பகைவர் ஒரு பாலத்தை முற்றுகையிடுகிறார்கள். பாலத்தின் வாசலைக் காக்கப் பெரிய நைனா நிற்கிறான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த இடத்தில் நிறுத்தினோம். ஸ்டெல்லா வழக்கம்போல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பியில் மேலே என்ன ஆகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். நான் கேன்டீனுக்குப் போய்விட்டு வந்தபோது அவள் டப்பா அப்படியே இருந்தது. கண் சிவந்திருந்தது.

“சார், இந்த ஃபாரத்த மட்டும் நீங்களே பாத்துக்குங்க சார். என்னால வாய்விட்டுப் படிக்க முடியாது.”

பெரிய நைனா சாகப்போகிறான் என்று புரிந்துகொண்டேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கணவனைப் பறிகொடுத்தவளை உட்காரவைத்து ஒரு சாவைக் கமா போட்டுப் படி என்று எப்படிச் சொல்வது?

“வை. நான் பாத்துக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டுடு” என்றேன்.

அவள் தயங்கினாள். “படிக்காம போடலாமா சார்?”

“நான்தான் சொல்றேன்ல, போடு.”

போட்டாள்.

தனியாகப் பார்ப்பதென்றால் காப்பியை இடதுபுறமும் புரூஃபை வலதுபுறமும் வைத்து, வரிக்கு வரி கண்ணைத் திருப்ப வேண்டும். இரண்டு மடங்கு நேரம். ஃபாரம் சாயங்காலத்துக்குள் போக வேண்டும். இதெல்லாம் நான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜம் வேறு. எனக்கு அவன் என்ன ஆனான் என்று தெரிய வேண்டும். காப்பியைத் திறக்கவே இல்லை. புரூஃபை மட்டும் எடுத்து, கதை படித்தேன்.

படித்தால், பக்கம் 614-இன் கடைசியில் அவன் மார்பில் குண்டு பட்டுப் பாலத்தின் சுவரில் சாய்கிறான். பக்கத்தில் ஓர் இளம் வீரன் மண்டியிடுகிறான். பத்தி முடிகிறது. 615-இன் தொடக்கத்தில், மறுநாள் காலை பனி கொட்டுகிறது, புதைத்த இடம் எது என்றே தெரியாதபடி எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அவ்வளவுதான். சாவே இல்லை. நான் தாளைக் கீழே வைத்தேன். ஆயிரத்தெண்ணூறு பக்கம் வந்த ஓர் ஆளின் சாவை எழுதாமலே விட்டு, பனியை மட்டும் காட்டியிருக்கிறாரே, இவரல்லவோ எழுத்தாளர் என்று நெஞ்சு விம்மியது. இரண்டு மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

நமச்சிவாயம் சாரும் பார்த்தார். தபால் கார்டு ஜன்னலில் ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் பத்தியோடு முடிந்து அடுத்தது புதுப் பத்தியில் தொடங்கினால் அவரும் என்ன செய்வார்? பச்சை மசியில் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினார்.

நாவல் அச்சாகி, பேராசிரியருக்காக முதல் சில படிகளை மட்டும் பைண்டிங் செய்துவைத்திருந்தோம். அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். முதல் பாகத்தைப் பிரிப்பார் என்று பார்த்தால் மூன்றாவதை எடுத்தார். நேராக அந்த இடத்துக்குப் போனார். ஒரு தாள் புரட்டினார். திரும்ப வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நமச்சிவாயம், இவன் எப்படிச் செத்தான்?”

“யாரு சார்?”

“இவன்தான். ஒம்பது வருஷம் இவனோட இருந்தேன். இவன் சாவ மட்டும் ஆறு தடவ எழுதினேன். கடைசியா எழுதினத தனியா குண்டூசி குத்தி வெச்சேன். எங்க அது?”

அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காப்பிக் கட்டைக் கொண்டுவந்து பார்த்தோம். நாலு தாளும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தன. தனியாகக் குண்டூசி குத்தியிருந்ததால், டி.டி.பி.யில் அதைப் பழைய வரைவு என்று நினைத்து அடிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி வாய்விட்டு ஒரு வரி படித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

நமச்சிவாயம் சார் ஃபாரத்தின் புரூஃபை எடுத்துக் கையெழுத்துகளைப் பார்த்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“யாரு படிச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள். “நான்தான் சார். நாலு தாளையும் சேத்துப் புரட்டிட்டேன் போல. கவனிக்கல.”

அது எனக்காகச் சொன்ன பொய். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து இதை எழுதும்போதும் கை கூசுகிறது. நான் பேசாமல் நின்றேன். “சரி, போய் உக்காரும்மா” என்றார் அவர்.

மத்தியானம் கேன்டீனில் செய்தி வந்துவிட்டது. ஸ்டெல்லாவை அந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லி முதலாளி உத்தரவு. நிரந்தரமாக இன்னும் சில வாரம்தான் இருந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். அறைக்குத் திரும்பினால் அவள் அடுத்த புத்தகத்தின் காப்பியை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். “உக்காருங்க சார், ஆரம்பிக்கலாமா?” என்றாள். அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லியிருந்தால்கூட நான் இன்னும் கொஞ்ச நேரம் கோழையாக இருந்திருப்பேன். அப்படிச் சொல்லாததால் எழுந்து நமச்சிவாயம் சாரிடம் போனேன்.

“சார், அவங்க எதையும் சேத்துப் புரட்டல. அவங்க படிக்கவே இல்ல. நான்தான் வேணாம்னு சொல்லி கையெழுத்து வாங்கினேன். தனியாப் பாத்தேன். காப்பியத் தொறக்கல.”

அவர் தபால் கார்டைக் கீழே வைத்தார். “கதை படிச்சியா?”

“படிச்சேன் சார்.”

“எப்படி இருந்துச்சி?”

இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. உளறினேன். “சாவக் காட்டாமலே சொல்லிட்டாருன்னு நெனச்சேன் சார். ரொம்பப் பெரிய எழுத்தாளருன்னு நெனச்சேன்.”

அவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே அவர் சொன்னது எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது.

“அச்சுக்கு அனுப்பு அப்டின்னு கையெழுத்துப் போட்டது நானு. யாரயாவது நிறுத்தணும்னா அந்தக் கையெழுத்துக்காரன நிறுத்துங்க. அந்தப் பொண்ணு இருக்கட்டும்.”

யாரையும் நிறுத்தவில்லை. எனக்கு மட்டும் அந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது என்று ஆயிற்று. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

நாலு பக்கத்தையும் தனியாக அச்சிட்டு, 614-க்கும் 615-க்கும் நடுவே ஒவ்வொரு படியிலும் கையால் ஒட்டுவதென்று முடிவாயிற்று. அடிக்கச் சொல்லிப் புரூஃப் வந்ததும், காப்பி ஹோல்டர் நாற்காலியில் நமச்சிவாயம் சாரே உட்கார்ந்தார். ஸ்டெல்லாவைக் கூப்பிடவில்லை. ரயில் நேரம் சொல்கிற குரலில் அவர் படித்துக்கொண்டே போக, நான் பார்த்தேன். அவர் குரலில் பெரிய நைனா சாகவே இல்லை. ஒரு கமாவிலிருந்து இன்னொரு கமாவுக்கு நகர்ந்தான்.

ஒட்டுகிற வேலைக்கு பைண்டிங் ஆட்களோடு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மடித்த தாளின் ஓரத்தில் மெல்லிசாகக் கோந்து தடவி, உள்மடிப்பில் வைத்து, துணியால் அழுத்த வேண்டும். இரண்டாம் நாள் எதிரே உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, தலையைத் தூக்காமலே பேசினாள்.

“இதுல அந்த ஆளு ‘என் பூட்ஸக் கழட்டி வுடு, காலு கனக்குது’ன்னு சொல்றாரு சார். எங்க ஊட்டுக்காரரும் அத்தயேதான் சொன்னாரு. ‘ஷூவக் கழட்டு ஸ்டெல்லா, காலு காந்துது’ன்னு. கால்ல ஷூவே இல்ல சார். ஆஸ்பத்திரில மொத நாளே அந்த ஷூவ வெட்டி எடுத்துட்டாங்க. நான் கயிறு அவுக்கிற மாதிரி பண்ணேன். ஒண்ணக் கழட்டி கீழ வெக்கிற மாதிரி, அப்புறம் இன்னொண்ணு. ‘இப்ப சரியாச்சு’ன்னாரு. அப்புறம் பேசல.”

நான் கையிலிருந்ததை ஒட்டுவதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேஜையில் இருந்த நமச்சிவாயம் சார் எழுந்தார். போய்க் கையைக் கழுவினார். துடைத்தார். ஒட்டாத தாள் ஒன்றை எடுத்து, நின்றபடியே, தபால் கார்டு இல்லாமல், முதல் பக்கத்திலிருந்து நாலாவது பக்கம் வரைக்கும் படித்தார். அவர் ஒரு கதையை முன்னாலிருந்து பின்னால் படித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

படித்துவிட்டு ஸ்டெல்லாவிடம் வந்தார். “ஏம்மா, இனிமே படிக்க முடியாத பக்கம் எதுனா வந்துதுன்னா எங்கிட்ட குடு. நான் படிக்கறேன். படிக்காம மட்டும் கையெழுத்துப் போடாத.” என்னைப் பார்த்து, “உனக்கும்தாம்பா” என்றார். அது அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அவர் இருந்தவரை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். காரணம் கேட்டதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு ரயில் நேரக் குரலில் படித்துக் கொடுப்பார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று மேஜையைக் காலி செய்யும்போது அந்த உறையை என்னிடம் கொடுத்தார். பேராசிரியரின் நாலு தாள்கள். “வெச்சிக்க. அடுத்த பதிப்புன்னு ஒண்ணு வந்தா இது திரும்பவும் காணாமப் போகும்” என்றார். பேராசிரியர் போய்விட்டார். நாலு வருடத்துக்கு முன் நமச்சிவாயம் சாரும் போய்விட்டார். அவர் சொன்னபடியே அடுத்த பதிப்பு வந்தது, லைப்ரரி புத்தகத்தில் கோந்து காய்ந்து தாள் உதிர்ந்துபோயிருந்தது, ஒன்றும் விட்டுப்போனதாகத் தெரியாமல் கதை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திவ்யா நாலு பக்கத்தையும் அடித்துப் புரூஃப் அனுப்பினாள். “நானே ஸ்கிரீன்ல பாத்துடறேன் சார்” என்றாள். பார்த்திருப்பாள், கெட்டிக்காரப் பெண். “இந்த நாலு பக்கத்த மட்டும் பழைய முறைல பாத்துக் குடுக்கறோம்மா” என்றேன். அச்செடுத்துக்கொண்டு திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினேன். வேப்பம்பட்டு மூன்றாவது ஸ்டேஷன். ஸ்டெல்லா அங்கே மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். போன வருடம் ஓய்வு பெற்றாள், நிரந்தர ஊழியராக, மாலையோடு.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா டீ கொடுத்தாள். உறையை மேஜையில் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வேணாம்னா சொல்லிடு ஸ்டெல்லா. திவ்யாவ வெச்சிப் பாத்துக்கறேன்” என்றேன்.

அவள் உறையைத் திறந்து தாள்களை எடுத்தாள். குண்டூசியை மெதுவாக உருவினாள்.

“படிக்க முடியாதத நமச்சிவாயம் சார்கிட்ட குடுப்போம். அவரும் போய்ட்டாரு. இனிமே யார்கிட்ட குடுக்கிறது சார்? உக்காருங்க, நான்தான காப்பி ஹோல்டர்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். அதே குரல். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது. “இளைஞன் அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தான், முற்றுப்புள்ளி, பாரா.” ஒரு கமாவை விடவில்லை. பூட்ஸ் வருகிற இடத்துக்கு வந்தாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள், அவ்வளவுதான். ஒரு பூட்ஸைக் கழற்றி வைத்தாள். கமா. அடுத்த பூட்ஸைக் கழற்றி வைத்தாள். முற்றுப்புள்ளி. பனி அவன் வெறும் பாதத்தின்மேல் விழுந்தது, கமா, அவன் அதை உதறவில்லை, முற்றுப்புள்ளி. “அத்தியாயம் முடிஞ்சிது சார்” என்று சொல்லித் தாள்களை அடுக்கினாள்.

என் பேனா மூடி திறந்தபடியே இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். நாலு பக்கத்திலும் ஒரு கோடுகூட இல்லை.

“ஒரு தப்புகூடவா இல்ல?”

கண்ணாடியைக் கழற்றினேன்.

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னா சார், கதை படிச்சீங்களா?”

“படிச்சேம்மா.”

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தாள்களை மறுபடி முதலிலிருந்து எடுத்து, விரலை முதல் வரியில் வைத்தாள். “கண்ணத் தொடைங்க. இந்த வாட்டி எழுத்தப் பாருங்க.” இரண்டாம் முறை படித்தாள். மூன்று பிழை இருந்தது. திருத்தினேன். பார்த்தவர் என்று என் கையெழுத்தைப் போட்டேன்.

இப்போது வருகிற புரூஃப்களில் கையெழுத்துக்குக் கட்டமெல்லாம் கிடையாது. ஸ்டெல்லா என் பேனாவை வாங்கி, ஸ்கேல் இல்லாமல் கையாலேயே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே ‘படித்தவர்’ என்று எழுதி, அதற்கடியில் தன் பெயரைக் கையெழுத்திட்டாள்.